இடுக்கி மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் முகட்டோடு தமிழ்நாடு முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் இடுக்கி. மூணாறுக்கும் தேக்கடிக்கும் போய்வந்த தமிழர்கள் ஏராளம். ஆனால் அந்த இரண்டு ஊர்களும் இருக்கும் மாவட்டத்தைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் பதில் வராது. நம் வயலுக்கு வரும் தண்ணீரும், நம் ஊர்ப் பெண்கள் பலரின் தினக்கூலியும், பாயசத்தில் விழும் ஏலக்காயும் அங்கிருந்துதான் வருகின்றன. பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இடுக்கி எவ்வளவு பெரிய மாவட்டம்? ஏன் கிராமப்புற மாவட்டம் என்கிறார்கள்?

கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1972 ஜனவரி 26 அன்று உருவாக்கிய கேரள மாவட்டம் இது. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு, இடுக்கி, தொடுபுழா என ஐந்து வட்டங்கள். 2023-இல் எர்ணாகுளம் மாவட்டத்துக் குட்டம்புழா பகுதியின் காட்டு நிலம் சேர்ந்தபின் பரப்பளவில் கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டமாகிவிட்டது. மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பில் 11 லட்சத்து 9 ஆயிரம்தான். 2001-இல் இருந்ததைவிட இது குறைவு. பிள்ளைகள் படித்துவிட்டு மலையிறங்கிப் போவது அந்த எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

நகரவாசிகள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தொடுபுழா, கட்டப்பனை இரண்டு மட்டுமே நகராட்சிகள். தலைமையிடமான பைனாவு காட்டுக்கு நடுவே அரசு அலுவலகங்கள் கூடியிருக்கும் ஒரு சிற்றூர். மாவட்டம் முழுக்க ரயில் பாதை கிடையாது.

ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் கொட்டும் மழை, மறுபக்கம் கள்ளிச்செடி. இது எப்படி?

இடுக்கியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் எண்ணம். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, முதலில் மோதுவது மாவட்டத்தின் மேற்குச் சரிவில். தொடுபுழாவின் தாழ்ந்த பகுதிகளில் ரப்பரும் மிளகும் செழிக்க அதுவே காரணம். காற்று மேலேறக் குளிர்ந்து, பீர்மேடு, மூணாறு வட்டாரங்களில் மழையாகக் கொட்டுகிறது. மூணாறை ஒட்டிய ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. அந்த முகடுகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் தீர்ந்துபோகிறது.

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை சாலையில் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் தேயிலை, மேகம், நனைந்த பாறை. மறையூர் வந்ததும் கரும்பும் சந்தன மரமும். இன்னும் இறங்கிச் சின்னாறு வந்துவிட்டால் முள்மரக்காடு. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அங்கே மழை. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலையணிலும் வாழும் காடு அது.

எந்தப் பயிர், எந்த மொழி, யார் முதலாளி, யார் கூலியாள் என்பதெல்லாம் இங்கே பெரும்பாலும் இந்த மழை வேறுபாட்டை ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஈரமான மேற்கிலிருந்து மலையேறி வந்தவர்கள் நிலம் தேடி வந்தார்கள். காய்ந்த கிழக்கிலிருந்து ஏறியவர்கள் வேலை தேடி வந்தார்கள். இடுக்கியின் பல கதைகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பெரியாற்றுத் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது?

இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரவேண்டிய ஆறு. மனிதர்கள் அதை இரண்டு இடங்களில் திருப்பியிருக்கிறார்கள்.

முதலாவது முல்லைப் பெரியாறு. 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் கொண்டு கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே வந்து, லோயர் கேம்பில் மின்சாரம் தந்து, வைகைப் படுகைக்குச் சேர்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் பாசனத்துக்கு அது உயிர்நாடி. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைவது இதனால்தான். ஜனவரி 15-ஆம் தேதி பென்னிகுவிக் பிறந்தநாளில் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடும்பங்களும் இருக்கின்றன.

இரண்டாவது இடுக்கி அணை. குறவன், குறத்தி என்ற இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே 168.91 மீட்டர் உயரத்துக்கு வளைந்து நிற்கும் வில்வடிவ அணை. இந்த இடுக்கை வெளியாருக்குக் காட்டியவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். அணைக்கு அருகில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கனடா நாட்டு உதவியோடு கட்டிய இத்திட்டத்தை 1976-இல் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். இடுக்கி, செறுதோணி, குளமாவு என மூன்று அணைகள் சேர்ந்து ஒரே ஏரியைத் தாங்குகின்றன. தண்ணீர் மலைக்குள் இறங்கி மூலமற்றத்தின் நிலத்தடி மின்நிலையத்தில் 780 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. பிறகு பெரியாற்றுக்குத் திரும்பாமல் மூவாற்றுப்புழாப் படுகைக்குப் போய்விடுகிறது. கேரளத்தின் வீடுகளில் எரியும் விளக்குகளுக்கு இடுக்கி கொடுத்த விலை பெரிது. அணைக்காக ஐயப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களை 1961 மழைக்காலத்தில் குமுளி அருகே அமராவதியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாவிரதம் இருந்தார்.

முல்லைப் பெரியாறு பிரச்சினையில் யார் சொல்வது சரி?

அணை பழையது, ஆபத்தானது என்கிறது கேரளம். அணை உறுதியானது, நீர்மட்டத்தை உயர்த்தவேண்டும் என்கிறது தமிழகம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், அணை பாதுகாப்பாக இருக்கிறது, நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழக விவசாயிகளுக்கு நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாற்றில் ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவரின் பயத்தைக் கட்சிக்காரர் கிளப்பிவிட்டது என்று ஒதுக்குவது தவறு. நள்ளிரவில் மதகு திறந்தால் முற்றத்துக்குத் தண்ணீர் வருவது அவருக்குத்தான். அங்கே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது.

ஏலக்காய் எப்படி விளைகிறது? ஏன் அவ்வளவு விலை?

இந்தியாவில் விளையும் சிறு ஏலக்காயில் மிகப் பெரும்பங்கு இடுக்கியின் ஏலமலையிலிருந்து வருகிறது. உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, சாந்தன்பாறை, கட்டப்பனை ஆகியவை அதன் ஊர்கள்.

ஏலம் வெயில் தாங்காது. அதனால் காட்டு மரங்களை அடியோடு வெட்டாமல், கிளைகளை மட்டும் கழித்து, வடிகட்டிய வெளிச்சத்தில் வளர்க்கிறார்கள். செடி ஆளுயரத்துக்கும் மேலே போகும். காயோ உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர, அதில் காய் பிடிக்கிறது. எடுப்பவர் ஈரமண்ணில் குந்தி உட்கார்ந்து, தட்டைகளை விலக்கி, சரம் சரமாகத் தடவிப் பார்க்கவேண்டும். எல்லாக் காயையும் பறித்துவிடக் கூடாது. முற்றியதை மட்டும் எடுத்து, பிஞ்சையும் பூவையும் அலுங்காமல் விடவேண்டும். அடுத்த எடுப்பில் அவைதான் காய். ஒரு செடிக்கு மாதம் அல்லது ஒன்றரை மாத இடைவெளியில் மறுபடி ஆள் வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் தொடங்கினால் பிப்ரவரி வரை இதே வேலை. இடுப்பும் முழங்காலும் போய்விடும். அட்டைக்கடி தனி.

பறித்த காயைக் கழுவி, அன்று இரவே ‘ஸ்டோர்’ என்று சொல்லும் உலர்த்தும் அறையில் பரப்புகிறார்கள். சூடு கூடினால் காய் வெளிறும், வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் போகும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும். பிறகு காம்பு உதிரத் தேய்த்து, சல்லடையில் சலித்து, அளவுவாரியாகப் பிரிக்கவேண்டும். எட்டு மில்லிமீட்டருக்கு மேலுள்ள திரண்ட பச்சைக்காய்க்குத்தான் நல்ல விலை.

ஏலக்காயை ஏலம் விடுவது இடுக்கியின் புற்றடியிலும் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும். மலையில் விளைந்த காய்க்கு விலை வைப்பதில் அடிவாரத்துப் போடிக்கு இன்றும் பெரும்பங்கு உண்டு. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதை நம்பிப் பலர் கடன் வாங்கி, குத்தகைக்கு எடுத்து நட்டார்கள். 2022-இல் விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. 2024 கோடையிலோ வறட்சி, செடிகளையே கருக்கிவிட்டது. உலகச் சந்தையில் குவாத்தமாலாவின் காய் எவ்வளவு வருகிறது என்பதையும் பொறுத்தே நெடுங்கண்டத்து விவசாயியின் வருமானம் ஏறி இறங்குகிறது.

கட்டப்பனைப் பக்கத்து விவசாயிகள் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘ஞள்ளாணி’ ரகம் இன்று ஏலமலை முழுக்கப் பரவியிருக்கிறது. விளைச்சலைப் பல மடங்கு உயர்த்திய ரகம் இது. கூடவே உரமும் பூச்சிமருந்தும் கூடிப்போனதை வருத்தத்தோடு சொல்லவேண்டும். மருந்து அடித்த தோட்டத்துக்குள் வெறுங்காலோடு இறங்குவது எடுப்பு வேலைக்கு வரும் பெண்கள்தான்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்வது யார்?

போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பக்கத்து மக்கள் பல தலைமுறைகளாக ஏலமலைக்கு ஏறுகிறார்கள். விடியும் முன்னே தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகப் போய், மாலையில் இறங்குகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆள்கணக்கு மீறி ஏற்றும் ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. இன்னும் ஒரு முறையான தொழிலாளர் பஸ் வசதி செய்து தராமலிருப்பது இரண்டு மாநில அரசுகளுக்கும் அழகல்ல. தேவாரத்திலிருந்து சாக்குலத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கையும் பல்லாண்டுகளாக நிற்கிறது.

இப்போது ஜார்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் மாநிலத்தவரும் குடும்பத்தோடு வந்து தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள். தேனிப் பக்கத்து இளையவர்கள் இந்த வேலைக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது.

மூணாறு தேயிலைத் தோட்டங்கள் எப்படி உருவாயின?

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். சின்கோனா, காப்பி என்று பலவற்றை நட்டுப் பார்த்துக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். சரக்குக்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயிலும் ஓடியது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துப்போனது. பிறகு அதை யாரும் மீட்டெடுக்கவில்லை. மலையாள ஆண்டு 1099-இல் வந்ததால் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைச் சீமையின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களை அழைத்துவந்தார்கள். நான்கு, ஐந்து தலைமுறை ஆன பிறகும் பல குடும்பங்கள் இருப்பது லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில்தான். ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையில் சேர்ந்தால் மட்டுமே வீடு நிற்கும். மூணாறில் சொந்தமாக ஒரு செண்டு நிலம் என்பது பலருக்கும் இன்னும் கனவு.

2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள் போனஸ் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் அண்டவிடாமல் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் அவர்களே நடத்திய போராட்டம் அது. 20 சதவீத போனஸை வாங்கியே எழுந்தார்கள். அதன் தொடர்ச்சியாக, 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. கேட்டதோ 500.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். தேயிலைப் பச்சையின் படத்தைப் பகிரும் ஒவ்வொருவருக்கும் பெட்டிமுடி என்ற பெயரும் தெரிந்திருக்கவேண்டும்.

மறையூர் வெல்லம், சந்தனம் பற்றி?

மழைமறைவில் இருந்தாலும் மறையூரில் ஓடைப் பாசனம் உண்டு. அங்கே விளையும் கரும்பை ஆலையிட்டுக் காய்ச்சி, கையால் உருட்டி எடுக்கும் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழுப்பு நிறம், உப்புக் கரிக்காத இனிப்பு. அங்குள்ள சந்தனக் காடு இயற்கையாக வளர்ந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் காவல் காக்கிறது வனத்துறை. பாறைகளின்மேல் கற்பலகைகளை அடுக்கிய பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் முனியறை என்கிறார்கள். பக்கத்திலே காந்தளூரும் வட்டவடையும் பூண்டுக்கும் காய்கறிக்கும் பெயர்பெற்றவை. மறையூரைத் தொட்டு ஓடும் பாம்பாறு கிழக்கே இறங்கி உடுமலை அமராவதி அணைக்கு வருகிறது.

இடுக்கி தமிழ்ப் பகுதியா?

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். மொழிவாரி மாநிலப் பிரிவின்போது தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தொழிலாளர்கள் தற்காலிகமாக வந்தவர்கள் என்ற வாதம் வலுப்பெற்று, 1956-இல் அவை கேரளத்தில் நின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் திருவிதாங்கூர்–கொச்சி அரசு மலையாளிக் குடும்பங்களைக் கல்லாறு, மறையூர்ப் பகுதிகளில் குடியேற்றியது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போர்க் காலப் பஞ்சத்தில் பாலா, மூவாற்றுப்புழாப் பக்கத்து விவசாயிகள் மலையேறிக் காடு திருத்தியிருந்தார்கள். யானைக்கும் மலேரியாவுக்கும் ஈடுகொடுத்து நின்றவர்கள் அவர்கள்.

தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. ஆனால் அதில் படித்த பிள்ளைக்கு அரசு அலுவலகத்தில் மலையாளத்தில்தான் காரியம் ஆகவேண்டும். எல்லையை மாற்றும் பேச்சைவிட இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு இன்றைக்கு அவசியம்.

அங்குள்ள பழங்குடியினர் யார்?

முதுவர், மன்னான், ஊராளி, பளியர், மலையரையர் ஆகியோர் முக்கியமானவர்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது முதுவரின் வாய்மொழி வரலாறு. அவர்கள் பேச்சைக் கேட்டால் நமக்குப் பெரும்பகுதி புரியும். காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது.

மன்னான் மக்களுக்கு இன்றும் ஓர் அரசர் இருக்கிறார். கட்டப்பனை அருகே கோவில்மலை அவருடைய இருப்பிடம். அவர்களுடைய கூத்தில் பாடப்படுவது கோவலன், கண்ணகி கதை. குமுளிக்கு மேலே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இதே மலைத்தொடரில்தான். சித்ரா பௌர்ணமி அன்று ஒருநாள் மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். கூடலூர்ப் பக்கத்தவர்கள் பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறார்கள்.

யானைத் தொல்லை உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதிகளில் மோசம். யானை நடந்த வழியில்தான் ஏலத்தோட்டமும் குடியிருப்பும் விடுதியும் வந்தன. அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டது. மே மாதக் கடைசியில் அது கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. யானை இழப்பையும் மனித இழப்பையும் அனுபவித்த ஊர்க்காரர்கள் எல்லோரும் யானையின் எதிரிகள் அல்லர்.

வரையாட்டைப் பார்க்க விரும்பினால் இரவிகுளம் தேசியப் பூங்கா. உலகிலேயே அவை அதிகம் வாழும் இடம் அது. குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். அதே மலையில் குறிஞ்சி 2018-இல் பூத்தது; அடுத்த பூப்பு 2030.

என்ன சாப்பிடுவார்கள்?

மலையாளிக் குடியேறிகளின் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும். கிழங்கையும் மாட்டெலும்பையும் சேர்த்து வேகவைக்கும் ‘எல்லும் கப்பயும்’ ஏலமலையின் அடையாளம். குளிருக்கு அதைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரியாது. லயங்களில் சோறும் குழம்பும்தான், நெல்லைப் பக்குவத்தில்.

எப்போது, எப்படிப் போகலாம்?

ஜூன் முதல் ஆகஸ்டு வரை மண்சரிவு ஆபத்து உண்டு. சாலை எச்சரிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். செப்டம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 முதல் நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு. தேக்கடி, கட்டப்பனைக்குக் கம்பத்திலிருந்து குமுளி வழி. கோவைப் பக்கத்தவர்களுக்கு உடுமலை, சின்னாறு வழி. வனச்சாலை என்பதால் பகலில் மட்டும்.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ஒருநாளை மூணாறுக்குக் கொடுக்காமல் கட்டப்பனைச் சந்தைக்கும் ராமக்கல்மேட்டுக்கும் கொடுங்கள். ராமக்கல்மேட்டில் காற்று ஆளைத் தள்ளும். காலடியில் மலை சட்டென்று முடிய, கீழே கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டமும் நெல்வயலும் தெரியும். ஏலக்காய் வாங்குவதானால் சாலையோரக் கடையில் சாயம் ஏற்றிய பச்சைக்கு ஏமாறாமல், ஒரு காயை உடைத்துப் பாருங்கள். விதை கறுத்து, ஒட்டும் பிசுபிசுப்போடு இருந்தால் வாங்கலாம்.